கி.பி. இரண்டாயிரமும் கொருக்குப்பேட்டையும்

நாளைக்கு உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை இன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொல்லி, அதற்குள் கொஞ்சம் பார்த்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்கும் மாதச் சம்பளம் உண்டு. அறுபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருஷம் நான் அந்தச் சம்பளத்தை வாங்கினேன்.

குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் என் வேலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என் எல்லை. திட்டத்தின் அடையாளமான சிவப்பு முக்கோணம் வரைந்த ஒரு வேன், ஒரு ஒலிபெருக்கி, சுருட்டி வைத்த ஒரு பெரிய படம், டிரைவர் அந்தோணி அண்ணன். இவ்வளவுதான் எங்கள் படை. எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. படம் காட்டிப் பேசுவதால் ஜனங்களுக்கு நான் டீச்சர். கூப்பிடாத வீட்டுக் கதவைத் தட்டி, கேட்காத விஷயத்தைச் சொல்லும் வேலை பார்த்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டு, சென்சஸ் எடுத்த வாத்தியார், கொசு மருந்து அடித்தவர் எல்லோரும் நம் கூட்டம்தான். உங்களிடம் சொன்னால் புரியும்.

நிற்க இடம்

முதல் கூட்டம் கொருக்குப்பேட்டையில், ரயில்வே கூட்ஸ் ஷெட்டை ஒட்டிய ஒரு சந்தில். படத்தை ஒரு வீட்டுச் சுவரில் மாட்டினேன். இடது ஓரத்தில் உலக உருண்டையின் மேல் நாலைந்து பொம்மை மனிதர்கள் காலை அகட்டிச் சௌகரியமாக நிற்பார்கள். வலது ஓரத்தில், கி.பி. இரண்டாயிரம் என்று போட்ட இடத்தில், அதே உருண்டையின் மேல் பொம்மைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க, ரெண்டு மூணு பேர் விளிம்பிலிருந்து விழுந்துகொண்டிருப்பார்கள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி குரலைத் தாழ்த்தி, "இன்னும் முப்பது வருஷத்தில் உலக ஜனத்தொகை இரண்டு பங்காகிவிடும் என்கிறார்கள். நிற்கக்கூட இடம் இருக்காது" என்றேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த முனியம்மா என்ற மீன்காரம்மா படத்தை ஆற அமரப் பார்த்தாள். பிறகு எழுந்து, படம் மாட்டியிருந்த சுவருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினாள். அவள் வீடுதான். ஒரே அறை. மாமியார், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி, இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் என்று பதினோரு பேர். ஆலையில் ஷிப்ட் போடுகிற மாதிரி முறை வைத்துத் தூங்குகிறார்கள். நான் உள்ளே எட்டிப் பார்த்து முடிக்கும்வரை பொறுமையாகக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"நிக்க எடம் இல்லாமப் போயி இங்க ரொம்ப நாளாவுது டீச்சரு. நீ இன்னாடான்னா இன்னும் முப்பது வருசம் கீதுன்னு சொல்லிகினு கீறே."

ஏழு பிள்ளைக்காரர்

அந்தோணி அண்ணன் ராயபுரத்துக்காரர். வீட்டில் ஏழு பிள்ளைகள். கடைசி இரண்டும் இரட்டை. எங்கள் வேன் ராயபுரத்துக்குள் நுழைந்தால் போதும், தண்ணீர்க் குழாயடியில் சிரிப்பு ஆரம்பமாகிவிடும். எனக்கு அதைவிட மோசம். "உனுக்கு எத்தினி புள்ள?" என்று கேட்பார்கள். இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பேன். அதற்கு மேல் அங்கே பிரசாரம் நடக்காது.

ஒரு நாள் குழாயடியில் ஒரு பெண், "ஒண்ணும் பெக்காத பொண்ணு பேசுது, ஏழு பெத்த ஆளு வண்டி ஓட்டுது. இன்னா டிபார்ட்மெண்டும்மா இது?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணன் நிதானமாக இறங்கி வந்து என் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். அதுவரை அவர் அதைத் தொட்டதில்லை.

"பெக்காத புள்ள சொன்னா அனுபவம் இல்லைன்ற. சரி, ஏழு பெத்தவன் சொல்றேன். எங்க வூட்ல கடைசிப் பொண்ணுக்கு நான் பேரு சொல்லிக் கூப்புடறதுக்கு முந்தி அஞ்சு பேரு தப்பா வாயில வருது. அந்தக் கொயந்த அதுவரைக்கும் என் மூஞ்சையே பாத்துகினு நிக்குது."

வேறு இலாகா

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை வாசல். சாப்பாட்டு மணி அடித்ததும் தொழிலாளர்கள் டிபன் தூக்கோடு மரநிழலில் உட்காருவார்கள். நான் படத்தை வேனின் பக்கத்தில் மாட்டி ஆரம்பித்தேன். நல்ல கூட்டம், நன்றாகக் கேட்டார்கள். முடிந்ததும் யூனியனில் இருந்த ஒருவர், கோவிந்தராஜ் என்று பெயர், சாப்பிட்ட கையோடு எழுந்து படத்தின் அருகே வந்தார். "இந்தப் பொம்மைங்கள்ளாம் வளந்து வேலைக்கு வருமில்லையா? எங்க கேட்டுல இப்பவே நூறு பேரு தெனம் வந்து நின்னு திரும்பிப் போறான். இத்தினி பேருக்கு எத்தினி கம்பெனி வரணும்னு இதுல போட்டுகீதா?" என்றார். இல்லை என்றேன். "கேட்டுச் சொல்லும்மா. மெய்யாலுமே தெரிஞ்சிக்கணும்னுதான் கேக்கறேன்" என்றார்.

அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. கிண்டலில்லை. மறுநாளே அலுவலகத்தில் மேலதிகாரியிடம் போய், உலக ஜனத்தொகை எவ்வளவு ஆகும் என்று போட்டிருக்கிறோமே, அவர்களுக்கு வேலை, வீடு, தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்றும் ஒரு படம் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

"ஜனங்கள் மட்டும்தான் நம்ம இலாகாம்மா. அவங்க சாப்பாடெல்லாம் வேற இலாகா."

பிரேக்

கொருக்குப்பேட்டையில் இன்னொரு கூட்டம். அதற்குள் நானும் கொஞ்சம் படித்திருந்தேன். ஒரு பெண் கேட்டாள்: "நாங்க எல்லாரும் ரெண்டோட நிறுத்திட்டா அடுத்த வருசமே ஜனம் கொறைஞ்சிடுமா?" பொய் சொல்ல மனம் வரவில்லை. குறையாது என்றேன். இப்போதே பிறந்துவிட்ட பெண் குழந்தைகள் வளர்ந்து, கல்யாணமாகி, ஆளுக்கு இரண்டே பெற்றாலும் ஜனத்தொகை இன்னும் பல வருஷம் ஏறிக்கொண்டுதான் போகும், அப்புறம்தான் மெல்ல நிற்கும் என்று விளக்கினேன். உடனே கூட்டம் கலைய ஆரம்பித்தது. "அப்பால எதுக்கு இந்தப் பேஜாரு?" என்று ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

பின்னால் நின்றிருந்த ஒருவர் கையை உயர்த்தினார். ஆறுமுகம், கூட்ஸ் வண்டியில் கார்டு. வேலைக்குப் போகிற வழியில் நின்றவர், கொடியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். நான் பதினைந்து நிமிஷம் சொல்லியும் புரியவைக்க முடியாததை, அவர் சந்து முனையைத் தாண்டிப் போகிறபோதே சொல்லிவிட்டுப் போனார்:

"லோடு ஏத்தின கூட்ஸுக்கு பிரேக் போட்டா போட்ட எடத்துலயா நிக்கிது? ஒரு ஃபர்லாங்கு தாண்டித்தான் நிக்கும். அதுக்காக பிரேக்கே போடாம குந்தினு இருக்க முடியுமா?"

பக்கெட்

ஒவ்வொரு மாதமும் இத்தனை பேரை ஆபரேஷனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எங்களுக்கு ஒரு இலக்கு உண்டு. இலக்கு வைத்து வேலை பார்த்தவர்களுக்கு மாதக் கடைசி வாரத்தின் ருசி தெரியும். அப்படி ஒரு வாரத்தில் வியாசர்பாடியில் முகாம். வருகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இனாம். பிளாஸ்டிக் பக்கெட் அப்போது பார்க்கவே அழகான சாமான்.

வரிசையில் ஒரு பெரியவர் நின்றார். மீசைக்குப் புதுசாக மை தடவியிருந்தார். வயசு என்ன என்றேன். நாற்பத்தஞ்சு என்றார். எத்தனை பிள்ளைகள் என்றேன். சொல்லிக்கொண்டே வந்தவர், பெரிய மகனுக்குப் போன மாதம் பேரன் பிறந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். பெண்டாட்டி எங்கே என்றால் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் நோட்டில் அந்த மாதம் ஒரு ஆள் குறைந்தது. அவர் பெயரை எழுதிக்கொண்டால் நிறைந்துவிடும். பக்கத்து மேஜைக்காரர், "எழுதிக்கோம்மா, யார் கேட்கப் போறா" என்று கண்ணைக் காட்டினார். நான் பெரியவரைத் தனியே அழைத்து, உங்களுக்கு இது வேண்டாம் தாத்தா, வீணாக உடம்பைக் கத்தியில் கொடுக்காதீர்கள் என்றேன். பிரசாரத்துக்காக என்னிடம் இருந்த பக்கெட்டையும் கொடுத்தேன். அந்த மாதம் எனக்கு மெமோ வந்தது, அது வேறு விஷயம். பெரியவர் பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கத்தி வெக்காமயே குடுக்கறதா இருந்தா, மூடி போட்டது ஒண்ணு கெடைக்குமா?"

எந்த ரெண்டு

மணலிக்கு அருகே சடையங்குப்பம் பள்ளமான இடம். நாலு நாள் மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். அங்கே கன்னியம்மா என்று ஒருத்தி. கூலி வேலை. என் வயசுதான் இருக்கும். ஆறு பெற்று மூன்று இருந்தன. மூன்று போய்விட்டன. எல்லாம் இரண்டு வயசுக்குள். நான் பாய் விரித்து உட்கார்ந்து வழக்கம்போல ஆரம்பித்தேன். இரண்டு போதும் என்றேன். உலகம் என்றேன், இரண்டாயிரம் என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கோபப்படவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு போதும்ன்ற. சரி. எந்த ரெண்டு நிக்கும்னு சொல்லு, அந்த ரெண்டோட நான் நிறுத்திக்கறேன்."

படத்தை அன்றைக்குப் பிரிக்கவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து வேலையை மாற்றிக்கொண்டேன். சடையங்குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் தடுப்பூசி போடுகிறவரையும் ஒரு நர்ஸையும் கெஞ்சிக் கூட்டிப்போவேன். முதலில் ஊசி, பிறகு குடிதண்ணீரைக் காய்ச்சுவது பற்றிப் பேச்சு, நேரம் இருந்தால் உலகம். பல நாள் நேரம் இருக்காது.

அந்த வருஷம் ஐப்பசியில் பெரிய மழை. வெள்ளம் வடியத் தொடங்கிய மூன்றாம் நாள் போனோம். தண்ணீர் இன்னும் முழங்காலுக்கு நின்றதால் வேனைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். கன்னியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கடைசிப் பெண் செல்விக்கு விடிந்ததிலிருந்து வாந்தி பேதி. கண் உள்ளே போய்விட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கிறது. அண்ணன் என்னைக் கேட்கவில்லை, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். ஆஸ்பத்திரி வரைக்கும் முக்கோண வேனின் ஹாரன் ஓயவில்லை. வழியெல்லாம் கன்னியம்மா குழந்தையின் வாயில் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்துகொண்டே வந்தாள். நர்ஸ் எப்போதோ சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் குழந்தை கண்ணைத் திறந்து அழுதது. அழ ஆரம்பித்துவிட்டதா, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். வராந்தாவில் கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னது இவ்வளவுதான்:

"இது நின்னுடுச்சி டீச்சரு."

விளக்கம்

பிரசார வேனை நோயாளி ஏற்றப் பயன்படுத்தியதற்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். நான் நடந்ததை அப்படியே எழுதி எடுத்துப்போனேன். தப்பு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, அதையும் கடைசி வரியில் எழுதியிருந்தேன். மேலதிகாரி இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எங்கள் இலாகாவின் வழிமுறைகளைத் தாண்டி யோசித்துப் பழக்கமில்லாதவர். கடைசியில் காகிதத்தைக் கோப்பில் வைத்து, அதன் மேல் ஒரு கல்லை வைத்தார்.

"ஜனத்தொகையைக் குறைக்கத்தாம்மா வண்டி கொடுத்தது. நீ அதுல போய் ஒண்ணைச் சேர்த்துட்டு வந்திருக்கே."

மூன்று வருஷம்

அவர் சொன்னதற்கான பதில் மூன்று வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் சடையங்குப்பத்தில் ஊசி போடாத குழந்தை அபூர்வமாகிவிட்டது. அதன் பிறகும் வெள்ளம் வந்தது, ஆனால் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு நாள் காலையில் நான் திருவொற்றியூர் முகாமில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் பேச்சுக்குரல். கன்னியம்மா வந்தாள். தனியாக வரவில்லை, அவள் தெருவிலிருந்து ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு நடந்தே வந்திருந்தாள். அவர்களில் ஒருத்தியிடம்கூட நான் இரண்டாயிரமாவது வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கணவனிடம் கையெழுத்து வாங்கிய தாளை அவள் நீட்டினாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நன்றாக யோசித்துவிட்டாயா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பேன். இதைக் கேட்காமல் நான் ஒரு பெயரும் எழுதியதில்லை, அது மட்டும் எனக்கு இன்றைக்கும் திருப்தி. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"யாரு எங்கிட்ட வந்து வற்புறுத்தறது? மூணும் இஸ்கூலுக்குப் போவுது. சாவுக்கு ஒண்ணு, மீதிக்கு ஒண்ணுன்னு எதுக்கு இனிமே பெக்கணும்?"

சாயங்காலம் நோட்டை மேலதிகாரியிடம் காட்டினேன். அந்த மாத இலக்கு முதல் வாரத்திலேயே நிறைந்திருந்தது. எப்படி என்று கேட்டார். வேனில் ஒரு குழந்தையை ஏற்றினோமே, அதனால்தான் என்றேன். அவர் மணியடித்து, குமாஸ்தாவிடம் சொன்னார்:

"சடையங்குப்பத்துக்கு வாரம் ரெண்டு தடவை வண்டி போகட்டும்னு எழுது. காரணம் எழுத வேண்டாம்."

எண்ணூர்க் கேள்வி

அந்த வேலையில் எனக்கு வந்த கேள்விகளிலேயே தூரப் பார்வை கொண்ட கேள்வி எண்ணூர்க் கடற்கரையில் வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த சிங்காரம் என்ற மீனவர் கேட்டது. அந்த நாளில் எனக்குப் பேச்சு நன்றாகப் பழகிவிட்டது. பிள்ளைகள் பிழைக்கப் பிழைக்கப் பிறப்பு குறையும், உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கப்போகிறது, இந்தப் பெருக்கம் ஒரு நாள் தானாகவே தணியும், சடையங்குப்பத்தில் நானே கண்ணால் பார்த்தேன் என்று நம்பிக்கையோடு சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சிங்காரம் வலையின் ஒரு கண்ணை முடிச்சுப் போட்டு முடித்தார். அவருக்கு ஆறு பிள்ளைகள். அவருடைய அப்பாவுக்கு ஒன்பது. மகனுக்கு இரண்டோடு நின்றுவிட்டது, அதுவும் என் பேச்சைக் கேட்டல்ல, துறைமுகத்தில் வேலை கிடைத்து அங்கே குடி போன பிறகு அவர்களாகவே நிறுத்திக்கொண்டது. விரலை மடக்கி ஒன்பது, ஆறு, இரண்டு என்று எண்ணியவர், நாலாவது விரலை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்படியே எறங்கிகினு போனா ஒரு காலத்துல ஊரெல்லாம் என்னாட்டம் கெயவனுங்கதான் குந்தினு இருப்போம். அப்ப உன் பேத்தி இதே வண்டில வந்து, நைனா, இன்னும் ரெண்டு பெத்துக்கங்கன்னு கெஞ்சப்போவுது, பாத்துகினே இரு."

இலாகா கொடுத்த படத்தை நான் பத்து வருஷம் சுமந்தேன், இரண்டாயிரமும் வந்து போனது; படம் சொன்னபடி ஜனம் பெருகியது, யாரும் விளிம்பிலிருந்து விழவில்லை, சடையங்குப்பமும் எண்ணூரும் சொன்னபடி பிள்ளைகள் நின்ற ஊரிலெல்லாம் பிறப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.